நடுவிலா, ஓரத்திலா?

சென்ற ஆண்டு என் மைத்துனருக்குப் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. திருத்தணியிலிருந்து வேலூருக்கு அழைத்துப் போனோம். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஊர் அது.

ஸ்கேனில், மண்டையோட்டின் அடிப்பகுதியில் கட்டி தெரிந்தது. அங்குள்ள எலும்புக்கு 'கிளைவஸ்' என்று பெயர், லத்தீனில் சரிவு. பிரெஞ்சில் படித்த எனக்கு 'தெக்லிவிதே' என்ற சொல் ஞாபகம் வந்தது. மலையூர்க்காரருக்குச் சரிவிலேயே சோதனை!

அந்த இடத்தில் கார்டோமா, காண்ட்ரோசார்கோமா என்று இரண்டு வகைக் கட்டிகள் வருமாம். எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். முதலாவது பெரும்பாலும் நடுக்கோட்டில் வரும். இரண்டாவது ஓரமாக, எலும்புகள் சேரும் இடத்தில். சி.டி. ஸ்கேன் எலும்பு அரிப்பையும் சுண்ணாம்புப் படிவையும் காட்டும். 'டிஃப்யூஷன்' என்ற எம்.ஆர்.ஐ. முறை கட்டிக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று அளக்கும். காண்ட்ரோசார்கோமாவில் அது பொதுவாக அதிகம். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் அதுதான்.

அவருக்கு இருந்தது ஓரத்தில். பிறகு செய்த திசுப் பரிசோதனையும் காண்ட்ரோசார்கோமா என்றே உறுதி செய்தது. கோப்புகளின் ஓரத்தில் குறிப்பெழுதியே காலம் தள்ளிய குமாஸ்தா நான். ஓரம் என்ற சொல் இவ்வளவு ஆறுதல் தந்தது அன்றுதான்.