பின்னாலிருந்து எண்ணும் எஞ்சின்

மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுதும் தகுதி எனக்குக் கிடையாது. பத்திரிகையாளனாக இருந்த காலம் முழுவதையும் அரசியல்வாதிகளின் உரைகளையும் பேச்சுவார்த்தைகளின் முறிவுகளையும் எழுதிக் கழித்தவன் நான். கார் என்பது செய்தி நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு சாதனம். அதற்கு மேல் அதைப்பற்றி நான் சிந்தித்ததில்லை. ஆனாலும் 2023 ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனுக்குச் சென்றிருந்தபோது, ஹரோவில் ஒரு வீட்டுக் கராஜில் கதிரை போட்டு அமர்ந்து பல சனிக்கிழமைகள் பார்த்த ஒரு வேலையை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

வேலையைச் செய்தவர் எங்கள் ஊர் அண்ணை. தன் பெயரைப் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் அண்ணை என்றே எழுதுகிறேன். வயது 79. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கராஜ் நடத்தியவர். ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய மூன்று கார்களும் அவருடைய கைக்குப் பழக்கப்பட்ட மாடுகள் போன்றவை. மூன்றும் நான்கு சிலிண்டர் வண்டிகள். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை முழுமையாகப் பிரித்துப் பூட்டும் வாய்ப்பு அவருக்கு ஊரில் வாய்க்கவில்லை.

அந்த வாய்ப்பை ஏற்படுத்தியவர் மகன். 1964 ஆம் ஆண்டின் ஜகுவார் மார்க் 2 ஒன்றை, 3.4 லீற்றர் எஞ்சின் இறுகிச் சுழல மறுத்த நிலையில், மலிவாக வாங்கியிருந்தார். நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டேர்போ பூட்டிய ஜப்பானிய எஞ்சின் ஒன்றை வைத்தால் வலுவும் கூடும், தொல்லையும் குறையும் என்றார் ஒருவர். அண்ணை அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஊதிப் பெருப்பிக்கிறதுக்கு எஞ்சின் என்ன பலூனோ?"

அந்தக் கேலிக்குள் ஒரு தொழில்நுட்பம் இருப்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. டேர்போ என்பது காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளும் கருவி. அது இல்லாத எஞ்சின் தானாகவே மூச்சிழுக்க வேண்டும். பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, வளிமண்டலம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல் அழுத்தத்தில் எவ்வளவு காற்றை அனுப்புகிறதோ, அவ்வளவே அதன் உணவு. கூடுதல் வலு வேண்டுமானால் காற்று வரும் பாதையைச் செப்பனிட வேண்டும். வால்வு கசியாமல் படிய வேண்டும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு பொருந்த வேண்டும். திறப்பதும் மூடுவதும் பொறி பறப்பதும் உரிய கணத்தில் நிகழ வேண்டும். வேலையில் விட்ட பிழையை மறைக்க மேலதிகக் காற்று கிடையாது.

இந்த ஜகுவார் எஞ்சினுக்கு ஒரு போர்க்காலப் பிறப்பு உண்டு. 1940 நவம்பர் 14 இரவில் ஜேர்மன் விமானங்கள் கொவென்ட்ரி நகரைத் தகர்த்ததை அறிவீர்கள். போர் ஆண்டுகளில், குண்டுத் தீயைக் கவனிப்பதற்காகத் தொழிற்சாலையில் இரவுக் காவல் இருந்த வில்லியம் ஹெயின்ஸ், வோல்ட்டர் ஹசன், குளோட் பெய்லி ஆகியோர், நிறுவனர் வில்லியம் லயன்சுடன் சேர்ந்து, போர் முடிந்ததும் செய்யவேண்டிய எஞ்சினைப் பற்றித் திட்டமிட்டார்கள். அது 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் எக்ஸ்.கே. 120 காரில் வெளிவந்தது. 3442 கன சென்ரிமீற்றர், 160 குதிரைவலு. லே மான் பந்தயத்தில் 1951 இலிருந்து 1957 வரை ஐந்து முறை வென்றது. உற்பத்தி நின்றது 1992 இல். குண்டு விழும் ஊரில் இருந்துகொண்டு பந்தய எஞ்சினைப் பற்றிச் சிந்திக்க முடியுமா என்று சிலர் வியக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் மருந்துபோல் ஆகிவிட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். ஆகவே அண்ணை சிலிண்டர் ஹெட்டின் கீழ் இரண்டு கஸ்கற்றுகளை அடுக்கி அழுத்தத்தைக் குறைப்பார். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். கம்பியில் தொட்டு முகர்ந்து பார்த்தே ஒயில் மாற்றும் நாளைச் சொல்லுவார். பிரசவத்துக்குப் போன பெண்களும் ஷெல் காயம்பட்டவர்களும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

ஜகுவார் எஞ்சின் இலக்கத்தின் கடைசியில் 7, 8, 9 என்று ஓர் எண் இருக்கும். அது அழுத்த விகிதம். தரம் குறைந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்கு 7. மகனுடைய எஞ்சினில் 8 என்றிருந்தது. இதை மகன் விளக்கியபோது அண்ணை சிரித்தார்: "அப்ப எங்களுக்கு அஞ்சு அடிச்சு அனுப்பியிருக்க வேணும்." புதிய பிஸ்டன்கள் 9 க்கு வாங்கப்பட்டன. வாழ்நாளில் ஒருமுறையாவது அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை.

பிரிப்பதுதான் பெரும்பாடு. அலுமினிய ஹெட், நீர் வழிகளில் துருப்பிடித்த நீண்ட உருக்கு ஆணிகளோடு ஒட்டிக்கொண்டு ஒன்பது நாட்கள் அசைய மறுத்தது. கிராங்கின் உள்ளே ஒயில் ஓடும் துளைகளின் அடைப்புகளைத் திறந்தபோது, பல்லாண்டுக் கசடு கருப்பட்டிபோல் இறுகிக் கிடந்தது. இதைத் துப்புரவாக்காமல் பூட்டினால் புதிய பெயரிங்குகள் கெட்டுவிடும் என்றார் அண்ணை. சிலிண்டர்களைக் குடைந்து அகலப்படுத்தும் வேலை மட்டும் வெளியே ஒரு பட்டறைக்குப் போயிற்று.

நான் மறக்க முடியாதது வால்வு இடைவெளி வைத்த நாட்களை. மொத்தம் பன்னிரண்டு வால்வுகள். உள்ளிழுக்கும் வால்வுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. வெளியேற்றும் வால்வுக்கு ஆறு பங்கு. திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யும் வசதி இதில் இல்லை. கேம் தண்டைக் கழற்றி, வால்வின் தலையில் அமரும் சிறு வில்லையை மாற்ற வேண்டும். வில்லைகளில் ஏ முதல் இசட் வரை எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துக்கு எழுத்து ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். கழற்றி, கணக்கிட்டு, மாற்றி, மீண்டும் பூட்டி, மீண்டும் அளக்க வேண்டும். அண்ணையின் கண்ணுக்கு மைக்குரோமீற்றரின் கோடுகள் தெரியவில்லை. அதை மகன் வாசித்தார். இடைவெளியை அளக்கும் தகடுகளை மட்டும் அண்ணை யாரிடமும் கொடுக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே கால்நடையாகப் பெயர்ந்தபோது, கராஜிலிருந்து அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தது அந்தத் தகட்டுக் கொத்தை மட்டுமே. தகடு வழுக்கும் விதத்தை விரல் சொல்லிவிடும் என்பார். நடுங்கும் அந்த விரல்கள் தகட்டைப் பிடித்ததும் நடுக்கம் நின்றதை நான் கண்டேன்.

எல்லாம் பூட்டி எஞ்சினை இயக்கிய சனிக்கிழமை அது இயங்கவில்லை. காபரேட்டரின் வாயால் திரும்பத் திரும்பத் தீ துப்பியது. மகன் தீயணைப்புக் கருவியோடு நின்றார். மூன்று முறை முயன்றபின் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. "கை போட்டுது தம்பி, நான் இனி இதிலை கை வைக்கக் கூடாது," என்று என்னிடம் சொன்னார். குண்டு மழைக்குள்ளும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

காரணத்தை மறுநாள் காலை மகன் கண்டுபிடித்தார். ஒஸ்ரினிலும் மொறிஸிலும் முதலாம் சிலிண்டர் முன்னால், ரேடியேற்றர் பக்கம் இருக்கும். ஜகுவார்காரரோ பின்னாலிருந்து எண்ணியிருக்கிறார்கள். ஆறாவது என்று அண்ணை நினைத்ததுதான் முதலாவது. மகன் கையேட்டைப் பார்த்துப் பின் சிலிண்டருக்கு டிஸ்ரிபியூற்றரை வைத்திருந்தார். அண்ணை வழக்கப்படி முன்னாலிருந்து எண்ணி வயர்களைக் கொளுவியிருந்தார். முதலாவதும் ஆறாவதும் சேர்ந்தே ஏறி இறங்கும் பிஸ்டன்கள். ஒன்று வெடிக்கத் தயாராகும்போது மற்றது புகையைத் தள்ளி முடித்து மூச்சிழுக்கத் தொடங்கும். பொறி அங்கே பறந்தது. வேடிக்கை என்னவென்றால், 1-5-3-6-2-4 என்ற பொறி வரிசை எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே வரிசைதான். தகப்பன் தனியே முழுவதையும் செய்திருந்தாலும் ஓடியிருக்கும். மகன் தனியே செய்திருந்தாலும் ஓடியிருக்கும். எங்கள் பழைய அச்சுக்கூடத்தில் எழுத்துக்களை வலமிடமாக மாற்றி வாசித்துக் கோத்தவர்களின் நினைவு எனக்கு வந்தது.

மகன் இதைத் தகப்பனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். கையேட்டை விரித்து, அந்தப் படத்தின்மேல் தகட்டுக் கொத்தை வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். அண்ணை வந்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிடாமலே ஆறு வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மூன்று இடம் தள்ளிக் கொளுவினார்.

இரண்டாவது சுழற்சியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டர் என்றால் இவ்வளவு அமைதியா என்று நான் கேட்டேன். அண்ணை பதில் சொல்லவில்லை. சூடேறிய எஞ்சினில், 3000 சுற்றில், ஒயில் அழுத்தம் 40 இறாத்தலைத் தொடுகிறதா என்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டது.

நிறுத்தியபின் குனிந்து காரின் அடியைப் பார்த்தார். கிராங்கின் பின்முனைக் கயிற்று அடைப்பிலிருந்து ஒரு துளி ஒயில் சீமெந்துத் தரையில் விழுந்தது. ஒழுகாத ஜகுவாரே கிடையாது, விட்டுவிடுங்கள் அப்பா, என்றார் மகன்.

"அடுத்த சனி எத்தினை மணிக்குத் துவங்கிறம்?" என்று கேட்டார் அண்ணை.