மயில் கத்தினால் போன் வந்திருக்கிறது!

2006-ஆம் வருஷம் புதுக்கோட்டைப் பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி பஸ்ஸுக்காகக் காத்திருந்தவரா நீங்கள்? அப்படியென்றால் என்னைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பை ஒரு பக்கமாகத் தொங்க, இடது தோளில் சுளுக்கு விழுந்தவன் மாதிரி ஒருத்தன் நின்றுகொண்டிருப்பானே... அடியேன்தான். சுளுக்கு இல்லை சார். பைக்குள் நோக்கியா 6600!

இன்றைய பையன்களிடம் அதைக் காட்டினால் 'என்ன அங்கிள், சோப்பு டப்பாவா?' என்பார்கள். உருவம் அப்படித்தான். உருண்டு திரண்டு, வயிறு தள்ளி, நடுவில் ஒரு குமிழ். அந்தக் குமிழை இடவலமாக நெம்பி, மேல் கீழ் தள்ளி, அமுக்கினால்தான் வேலை நடக்கும். தொடுதிரையாவது ஒன்றாவது! ஆனால் அது லேசுப்பட்ட ஆள் இல்லை. 2003-ல் வெளிவந்தபோதே சிம்பியன் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம், புளூடூத், கேமரா, வெளியிலிருந்து சாஃப்ட்வேர் ஏற்றிக்கொள்ளும் வசதி எல்லாம் அதில் இருந்தன. ஐபோன் நம் நாட்டுக்கு வந்தது 2008 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பே கீழ ராஜ வீதியில் 6,500 ரூபாய் எண்ணி வைத்து, செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கியவன் நான். 'ஸ்மார்ட்போன்' என்ற வார்த்தை எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. 'கேமரா செட்டு' என்றுதான் கொடுத்தார்.

6,500 என்பது அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை விட 300 ரூபாய் அதிகம். அந்த 300-ஐ அம்மாவிடம் வாங்கினேன். எதற்கென்று சொல்லவில்லை. (இது பின்னால் வரும்.)

வாங்கிய மூன்றாம் நாளே அதே பஸ் ஸ்டாண்டில் மாட்டினேன். திரையில் ஒரு கேள்வி: யாரோ புளூடூத்தில் ஏதோ அனுப்புகிறார், வாங்கிக்கொள்ளலாமா? 'வேண்டாம்' என்று அமுக்கினேன். மறுபடி கேட்டது. மறுபடி 'வேண்டாம்'. மறுபடியும் கேட்டது. கல்யாணப் பந்தியில் 'இன்னும் ஒரே ஒரு ஜிலேபி' என்று நிற்பவரிடம் எத்தனை தடவைதான் மறுப்பது? 'சரி' என்று அமுக்கிவிட்டேன். திரையில் 'கரீபே' என்று வந்தது. எனக்கு வந்தது காபிர் வைரஸ்! 2004-ல் உலகத்துக்கு அறிமுகமான, செல்போனிலிருந்து செல்போனுக்குத் தானாகத் தாவிய முதல் புழு. ஏறக்குறைய முப்பதடி தூரத்துக்குள் புளூடூத்தைத் திறந்து வைத்திருக்கும் சிம்பியன் போன் எது கிடைத்தாலும் தொத்திக்கொள்ளப் பார்க்கும். வேறு பெரிய கெடுதல் செய்யாது. சதா அடுத்த போனைத் தேடிக்கொண்டே இருப்பதால் பேட்டரியை மட்டும் குடித்துவிடும். காலையில் முழுதாக சார்ஜ் ஏற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காலி. எங்கள் ஆபீஸில் 6600 வைத்திருந்த இன்னொருவர் அக்கவுண்டண்ட். அவருக்கும் கரீபே வந்தது. யாரிடமிருந்து வந்தது என்று அவர் இன்று வரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஹி... ஹி...

வைரஸை ஒழித்தபின், ஞாயிற்றுக்கிழமைதோறும் போனைத் தூக்கிக்கொண்டு ஜில்லா சுற்ற ஆரம்பித்தேன். கேமரா இருக்கிறதே, எதையாவது எடுக்க வேண்டாமா?

முதலில் திருமயம். 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி ஒன்று இருக்கிறது. கீழே ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயில், பெருமாளுக்கு ஒரு கோயில். மேலே ஏறி நின்று கோட்டை முழுவதையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கோட்டையா கேழ்வரகுக் களியா என்று தெரியவில்லை. மூன்று லட்சம் புள்ளிகள்தான் அந்தக் கேமரா. அதற்கு எட்டியது அவ்வளவுதான். ஆனால் உச்சியில் நின்றபோது சிக்னல் கம்பி முழுசாக ஏறியிருந்தது. நம்மூரில் ஒரு விஷயம் கவனித்தேன். ராஜாக்களும் முனிவர்களும் நல்ல சிக்னல் இடமாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள். சித்தன்னவாசல் ஏழடிப்பாட்டத்தில், சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைக்குப் போகும் வழியிலும் எனக்கு நாலு கம்பி! கீழே இறங்கினால் பூஜ்யம்.

குடுமியான்மலையில்தான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். குகைக்கோயிலை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பிரிவாக, வெறும் ஸ்வரங்கள். ஒரு பாறை நிறைய சங்கீதம். என் போனில் இருந்த மெமரி கார்டு 32 எம்.பி. பாட்டை அப்படியே ஏற்றினால் ஆறோ ஏழோதான் பிடிக்கும். அதனால் ஊரிலிருந்த கடைகளில் பாட்டைச் சுருக்கி, 'ஏ.எம்.ஆர்.' என்று மாற்றிக் கொடுப்பார்கள். ஐம்பது பாட்டு பிடிக்கும். கிணற்றுக்குள் விழுந்த ஆள் பாடுகிற மாதிரி கேட்கும். 1,300 வருஷம் அழியாத ஸ்வரத்தின் எதிரில் அந்தக் கிணற்றுப் பாட்டைப் போட மனசு வரவில்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விராலிமலைக்குப் போனால் மயில். மலையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மயில். படம் எடுத்தால் பச்சையும் நீலமுமாக ஒரு கறை மட்டும் விழுந்தது. சரி, குரலையாவது பிடிப்போம் என்று ரெக்கார்டரைப் போட்டேன். அதில் ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம்தான் பதியும். ஒரு மயில், 'இந்தா வாங்கிக்கோ' என்பது போல ஐம்பத்தைந்தாவது விநாடியில் அலறியது. முன்னால் இருந்த பேச்சு இரைச்சலை வெட்டியெறியப் பட்ட பாடு இருக்கிறதே... விடுங்கள். அதுதான் அன்றிலிருந்து என் ரிங்டோன்.

மறுநாள் ஆடிட் நடந்துகொண்டிருந்தபோது ஹெட் ஆபீஸ் அதிகாரியின் முன்னால் மயில் கத்தியது. அவர் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இந்த ஊர்ல மயில் டவுனுக்குள்ளேயே வருமா?" என்றார். எங்கள் மேனேஜர் முகம் மாறாமல், "சீசன் சார்" என்றார். அந்த மனிதருக்கு நான் கடைசி வரை நன்றி சொல்லவில்லை.

தமிழ் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்து வந்தால் கட்டம் கட்டமாகக் காட்டும். 2009-ல் ஒரு நண்பர் வித்தை சொல்லிக் கொடுத்தார். ஓபரா மினியை ஏற்றி, முகவரி இடத்தில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் கடைசியில் இருப்பதை 'எஸ்' என்று மாற்றினால், அவர்களுடைய சர்வரே எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும். அவ்வளவுதான், கட்டமெல்லாம் கரைந்து, பொடிப் பொடியாகத் தமிழ்! புதுக்கோட்டைக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில், ஓடுகிற பஸ்ஸில், உள்ளங்கையில் தமிழ்ச் செய்தி வாசித்த அன்றைக்கு எனக்கு இறங்க வேண்டிய ஸ்டாப் போனது.

அந்த ஸ்டாப்தான் எங்கள் கிராமம். கீரமங்கலம் பக்கம். தென்னையும் பலாவும் பூந்தோட்டமுமான பூமி. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில் ஏழாவது படி ஏறி, ஆலங்குடியைப் பார்த்து நின்றால் ஒரு கம்பி வரும். ஒன்பதாவது படியில் இரண்டு. அதற்கு மேல் ஏறினால் பஞ்சாயத்தில் திட்டுவார்கள். நான் ஊருக்கு வந்தால் பாதி நாள் தொட்டியில்தான் என்று அம்மாவுக்கு எரிச்சல். "என்கிட்ட வாங்கின முன்னூறு ரூபாய்க்கு, தொட்டியில குடியிருக்கவா போன் வாங்கினே?" என்பாள். (பின்னால் வரும் என்றேன் அல்லவா?)

2013-ல் நான் ஆண்ட்ராய்டுக்கு மாறினேன். சோப்பு டப்பாவை அம்மாவிடம் கொடுத்தேன். கடன் தீர்ந்தது. "எனக்கு எதுக்குடா இந்தக் கருமம்" என்றாள். நான் கவலைப்படவில்லை. எங்கள் அம்மா 1991-ல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த அறிவொளிக் காலத்தில், ஜில்லா முழுக்கப் பெண்கள் சைக்கிள் பழகினபோது கூடவே பழகினவள். முட்டி பெயர்ந்தும் விடவில்லை. அப்பா 'ஊர் சிரிக்கும்' என்றதற்கு, 'சிரிச்சுட்டு அவுகவுக வேலையப் பார்ப்பாக' என்று பதில் சொன்னவள். பத்து நாளில் குமிழை நெம்பப் பழகிக்கொண்டாள். பச்சை அமுக்கினால் பேச்சு, சிவப்பு அமுக்கினால் சும்மா. ரிங்டோனை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "மயிலு கத்தினா நீ கூப்பிடுறேன்னு தெரியும்." இன்னொன்றும் சொல்லி வைத்தேன்: கரண்ட் இல்லாத நாளில் அணைத்து வை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டிப் படியில் ஏறி, பத்து நிமிஷம் மட்டும் போடு.

2018 நவம்பர் 16 விடியற்காலை. கஜா.

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறின புயல் எங்கள் ஜில்லாவைக் குறுக்கே உழுதுகொண்டு போனது. புதுக்கோட்டை டவுனிலேயே மரம் விழாத தெரு இல்லை. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னைகள் தீக்குச்சி மாதிரி படுத்துவிட்டன. கரண்ட் கம்பம் எல்லாம் மண்டியிட்டுக் கிடந்தது. செல் டவர்கள் செத்துப்போயின. அன்றைக்கு நான் அம்மா நம்பரை எத்தனை தடவை அமுக்கினேன் என்று என் ஆண்ட்ராய்டே எண்ணிச் சொன்னது: 61.

இரண்டாம் நாள் டூவீலரில் கிளம்பினேன். ஆலங்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்துக்கு மேல் வண்டி போகவில்லை. ரோட்டில் புளியமரம், அதன்மேல் இன்னொரு மரம், அதன்மேல் கம்பி. இருட்டிக்கொண்டு வந்தது. அரிவாளும் ரம்பமுமாக நின்ற ஆட்கள், "தம்பி, கம்பியில கால வச்சிராதீக, திரும்பிப் போங்க" என்றார்கள். திரும்பினேன். வழியில் ஒரு கடை வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் டப்பா நிறைய செல்போன்கள், சார்ஜுக்கு. ஒரு போனுக்கு 20 ரூபாய். அத்தனையும் பெரிய திரை வைத்த புது போன்கள். போட்டு எடுத்துப்போனாலும் மறுநாளே திரும்ப வர வேண்டியவை. என்னுடையதையும் அந்த டப்பாவில்தான் போட்டேன்.

நான்காம் நாள் சாயங்காலம், ஆறு அடித்து ஐந்து நிமிஷம். ஆபீஸில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. 'அம்மா' என்று திரையில் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

"ஆலங்குடியில டவரு வந்திருச்சு போலடா. ஒம்பதாவது படியில ரெண்டு கம்பி காட்டுது" என்றாள். அவள் பின்னால் ஒரே சத்தம்.

"அம்மா, நீ நல்லா இருக்கியா? வீடு?"

"ஓடு பாதி போச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்லை. நீ சாப்பிட்டியா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவளே தொடர்ந்தாள். "வாசப் பலா போச்சுடா. உங்க தாத்தா வச்சது. வேரோட." அந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது. பாதி வீடு போனதை ஒரே வரியில் சொன்னவள், மரத்துக்கு அழுதாள். நான் மேலே ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள், "சரி சரி, வை. பேட்டரி ஒரு கோடுதான் இருக்கு. படி கீழ வரைக்கும் வரிசை நிக்கிது" என்றாள்.

"என்ன வரிசை?"

"ஊர்ல இது ஒண்ணுதான்டா உயிரோட இருக்கு. மேலத்தெரு அத்தாச்சி மகன் துபாய்ல இருக்கான், நாலு நாளா அங்கே துடிச்சுக்கிட்டு இருப்பான்ல? அவளுக்கு ஒரு நிமிஷம், எதுத்த வீட்டுக்கு ஒரு நிமிஷம்னு குடுக்கிறேன். ஆளுக்கு ஒரு நிமிஷம்தான், கறாரா சொல்லிட்டேன். துபாய்க்குப் பேசினா காசு நிறைய ஆகுமாடா?"

"நான் ரீசார்ஜ் பண்றேம்மா."

"முன்னூறு ரூபாய்க்குப் போடு" என்று சொல்லிவிட்டு, சிவப்பை அமுக்கிவிட்டாள்.