கண்டல் காட்டில் ஒரு காலை

கோவா என்றால் கடற்கரை என்பது சுற்றுலா விளம்பரங்கள் உண்டாக்கிய பழக்கம். கடலுக்குச் சற்றுப் பின்னால், நதிகளின் தண்ணீர் உப்பாக மாறும் இடத்தில் இன்னொரு கோவா இருக்கிறது. பனாஜியிலிருந்து பழைய கோவா தேவாலயங்களுக்குப் போகும் பாதையில், போர்த்துகீசியர் 1630களில் கட்டிய நீண்ட கல்பாலத்தைத் தாண்டியதும் ரிபந்தர் என்ற ஊர் வரும். அங்கே மாண்டோவி நதிக்கரையில் ஒரு படகுத்துறை. எதிர்க்கரையில் தெரியும் பச்சைக் கோடுதான் சோராவ் தீவு. கொங்கணியில் சோடண். ஸ்கூட்டர், கார், மீன் கூடை, பள்ளிக்கூடப் பை என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஃபெர்ரி கொஞ்ச நேரத்தில் அக்கரையில் சேர்த்துவிடும்.

2018 டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், கணவர், பன்னிரண்டு வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபதைத் தாண்டிய என் மாமியார். மும்பையில் வாழும் குடும்பம். முழங்கால் வலிக்காரர் ஒருவரும், பத்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்காத பையன் ஒருவனும் சேர்ந்து நடக்கக்கூடிய காட்டுப் பாதை இந்தியாவில் எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மலை என்றால் அத்தைக்கு முடியாது. புலிக் காப்பகம் என்றால் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. சோராவ் இந்தத் தேர்வில் சுலபமாகத் தேறிவிடுகிறது.

தீவின் மேற்கு முனையில் இருப்பது டாக்டர் சலீம் அலி பறவைகள் சரணாலயம். சலீம் அலி இறந்தது 1987இல். மறுவருடமே இது அறிவிக்கப்பட்டது. பரப்பு 1.78 சதுர கிலோமீட்டர்தான். படகுத்துறையிலிருந்து பொடிநடையாகப் போனால் நுழைவாயில். வனத்துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால், இருபுறமும் மரங்கள் கவிந்த ஒற்றைப் பாதை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட நடை. உள்ளே கடை கிடையாது; தண்ணீர் கையில் வேண்டும். கொசுவுக்கு எதையாவது பூசிக்கொள்ளாமல் போகவே கூடாது. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஓதம் ஏறியிருந்தால் சேறு மூழ்கிவிடும். சேறு இல்லாவிட்டால் பறவையும் இல்லை.

பறவைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவற்றுக்கென்று நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. மீன்கொத்தியில் மூன்று வகை பார்த்தோம். செம்பருந்து தலைக்கு மேல் வட்டமடித்தது. உள்ளான்கள் ஓடி ஓடிச் சேற்றைக் குத்தின. பையனுக்கு இவை எதிலும் ஈடுபாடு இல்லை. அவனுக்கு முதலை வேண்டும். பக்கத்துக் கும்பார்ஜுவா கால்வாயில் முதலைகள் உண்டு என்பதை யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். முதலை வரவில்லை. பதிலாகச் சேறு அவனைக் காப்பாற்றியது. மீன் ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வந்து, முன்துடுப்புகளை ஊன்றிச் சேற்றின் மேல் தத்திப் போனது. உடம்பளவு பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டி இன்னொரு நண்டை அழைக்கும் நண்டுகள் நூற்றுக்கணக்கில். அழைப்பது ஆண் நண்டு, எல்லாம் பெண்ணுக்காகத்தான் என்று மகள் தம்பிக்கு விளக்கினாள். நெய்தல் பாட்டுகளில் அலவன் ஓடுவதைக் காட்டித் தலைவியின் மனதைச் சொல்வார்கள். அதைப் படித்தபோது மனதில் இருந்தது மெரினா நண்டுதான்.

மரங்கள்தான் அங்கே பெரிய வேடிக்கை. ஒரு மரம் அடிமரத்திலிருந்து வளைந்த வேர்களை விட்டுப் பந்தல்கால் ஊன்றியதுபோல் நிற்கிறது. இன்னொன்று சேற்றுக்குள்ளிருந்து பென்சில்களைக் குத்திவைத்ததுபோல் மூச்சு வேர்களை மேலே நீட்டுகிறது. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்துதான் சுவாசிக்க வேண்டும். அந்த இரண்டாவது மரத்தின் இலையை நக்கினால் உப்புக் கரிக்கும். குடித்த உப்பை அது இலை வழியே வெளியேற்றுகிறது. இரண்டு குழந்தைகளும் நக்கிப் பார்த்தார்கள். முதல் மரத்தில் முருங்கைக்காய்போல் நீளமாகத் தொங்குவது காய் அல்ல, கன்று. விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீண்டு, ஒரு நாள் ஈட்டிபோல் கீழே விழுகிறது. சேறு கிடைத்தால் குத்தி நிற்கும். தண்ணீர் இருந்தால் மிதந்துபோய் வேறெங்காவது கரையேறும். ஓதம் வந்து அடித்துப்போகும் இடத்தில் விதையைக் கீழே போட்டுக் காத்திருந்தால் நடக்காது என்பதால் இந்த ஏற்பாடு.

“இது என்ன மரம்?” என்று பையன் கேட்டபோது மூன்று பதில்கள் வந்தன. கணவர் “மாங்குரோவ்” என்றார். கிள்ளைப் பக்கம் பிறந்து வளர்ந்த அத்தை, “சுரபுன்னைடா. பிச்சாவரத்துல பார்க்காததா?” என்றார். நான் “கண்டல்” என்றேன். மகள் உடனே திரும்பி, “அது மராத்தி வார்த்தைம்மா” என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தானே கழிமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்கள் நாங்கள். அங்கே வனத்துறையின் பலகைகளில் இந்தக் காட்டுக்குப் பெயர் ‘காந்தள்வன்’. மராத்தி எழுத்தில் அப்படித்தான் வரும். மகாராஷ்டிர வனத்துறை 2012இல் இதற்கென்று தனிப் பிரிவே தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்கு அந்தச் சொல் வந்த வழி அது. எனக்கு வந்த வழி வேறு. முதுகலைத் தமிழ் வகுப்பில் நற்றிணை படித்தபோது வந்தது. கண்டல் மரங்களையே வேலியாகக் கொண்ட கடற்கரை ஊர்கள் அந்தப் பாட்டுகளில் வருகின்றன. உரைகளில் சில இடத்தில் தாழை என்பார்கள், சில இடத்தில் ஒருவகை மரம் என்று விட்டுவிடுவார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும்.

மலையாளத்தில் இன்றும் கண்டல் காடுதான். கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் மலபாரின் தாவரங்களைப் பற்றித் தொகுத்த பன்னிரண்டு தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. அதில் ‘செறு கண்டல்’ என்ற பெயர் லத்தீன் எழுத்தில் இருக்கிறது. அதை எடுத்து லின்னேயஸ் தன் பட்டியலில் சேர்க்க, இன்று உலகத் தாவரவியலில் ஒரு பேரினத்துக்கே பெயர் கண்டேலியா. மராத்திக்காரரும் மலையாளியும் தாவரவியலாளரும் வைத்திருக்கும் சொல்லை, இரண்டாயிரம் வருடப் பாட்டில் வைத்திருக்கும் நாம் செய்தித்தாளில் பயன்படுத்துவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் காடுகளைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்தன. ஆங்கிலத்திலிருந்து வரும் பிரதிகளை மொழிபெயர்ப்பது என் வேலை. சதுப்புநிலக் காடு என்று ஒருவர் எழுதுவார், அலையாத்திக் காடு என்று ஒருவர், மாங்குரோவ் என்று மற்றொருவர். அலையாத்தி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சதுப்புநிலம் என்பது நிலத்தின் பெயர், மரத்தின் பெயர் அல்ல. பள்ளிக்கரணையும் சதுப்புநிலம்தான்.

மகளிடம் இத்தனையும் சொல்லவில்லை. “நம்ம பாட்டுலயும் இருக்கு” என்று மட்டும் சொன்னேன். எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று கேட்டாள். சொன்னதும், “அப்ப நாமதான் ஃபர்ஸ்ட்டா?” என்றாள். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

இதோடு திரும்பியிருந்தால் இது ஒரு நல்ல காலை நடை. ஆனால் சரணாலயத்துக்கு வெளியே, தீவின் உட்பகுதியில் இன்னொரு நடை இருக்கிறது. அதைப் பயண ஏஜென்டுகள் சொல்வதில்லை. வயல்களைச் சுற்றிப்போகும் கரைமேல் நடப்பது. இவற்றைக் கஜன் நிலம் என்கிறார்கள். போர்த்துகீசியர் 1510இல் கோவாவைப் பிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஓதம் ஏறி இறங்கும் சேற்று நிலத்தை ஊர்க்காரர்கள் கரைகட்டி வளைத்து வயலாக்கினார்கள். களிமண்ணும் வைக்கோலும் செம்பாறாங்கல்லும் கொண்டு போட்ட கரை. கரையில் மதகு. கொங்கணியில் மானஸ். மதகில் மரக்கதவு. வெளியே ஓதம் ஏறினால் தண்ணீரே கதவைத் தள்ளி மூடிவிடும். வடியும்போது உள்ளே தேங்கிய மழைத் தண்ணீர் அதைத் திறந்துகொண்டு போகும். மோட்டார் இல்லை, காவலுக்கு ஆளும் வேண்டாம். மதகுக்கு வலை கட்டி மீன் பிடிக்கும் உரிமையை ஊர் ஏலம் விடும். வயலில் உப்பைத் தாங்கும் கொர்குட் நெல். கேரளத்தின் பொக்காளி மாதிரி. கரைக்கு வெளியே, நதியின் பக்கம், கண்டல் வரிசை. அலை நேராகக் கரையில் மோதாமல் அது தாங்கிக்கொள்ளும். கண்டலை வேலியாகக் கொண்ட ஊர் என்று பாட்டில் படித்ததன் பொருள் எனக்கு அந்தக் கரைமேல்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் வேலி கரையின் இந்தப் பக்கமும் இருந்தது. வரப்பு வரப்பாகத் தெரிந்த நிலத்தில், இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை கண்டல். அத்தை அங்கேயே நின்றுவிட்டார். “இது வயக்காடுல்ல? யாரு இப்படி விட்டது?” என்றார். காட்டுக்குள் அத்தனை பறவைகளைக் காட்டியும் பேசாமல் வந்தவர்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கொங்கணி கலந்த மராத்தியில் பேசினார். மகள்தான் எங்களுக்குச் சொன்னாள். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கரை ஒரு மழையில் உடைந்தது. சேர்ந்து அடைக்க ஆள் இல்லை. பிள்ளைகள் பனாஜியில் வேலை, சிலர் வெளிநாடு. உப்புத் தண்ணீர் புகுந்த வயலில் நெல் வராது, கண்டல் கன்று வந்து குத்தி நிற்கும். சில வருடங்களில் காடு. காடான பிறகு வெட்ட முடியாது. சட்டம்.

சட்டம் சரியானதுதான். 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை இல்லாதிருந்தால், இந்தக் கரைகளில் இந்நேரம் ஓட்டல்கள் நின்றிருக்கும். மும்பையில் கண்டலை அழித்து எழுந்த குடியிருப்புகளை நான் தினமும் ரயிலில் பார்க்கிறேன். 2011 அறிவிக்கை கோவாவுக்கென்று தனியாகச் சில விதிகள் வைத்தது. கஜன் நிலத்தில் கட்டடம் கூடாது, அதை ஒட்டிய கண்டலையும் காக்க வேண்டும், நிலத்தை நிர்வகிக்கத் திட்டம் வேண்டும் என்றது. வயலையும் காட்டையும் சேர்த்துத்தான் அது பேசுகிறது. ஆனால் காட்டைக் காக்க வெட்டாமல் இருந்தால் போதும். வயலைக் காக்க வருடா வருடம் கரைக்கு மண் போட ஆள் வேண்டும். தடை விதிப்பதில் நம் அரசுகளுக்கு இருக்கும் சுறுசுறுப்பு மண் சுமப்பதில் இருப்பதில்லை. உடைந்த கரைக்குப் பின்னால் முளைத்த காட்டைக் காட்டி ‘பசுமைப் பரப்பு கூடியது’ என்று கணக்கெழுதினால், பெரியவரின் நெல் அந்தக் கணக்கில் எங்குமே வராது.

அத்தை அவரிடம் தமிழிலேயே, எத்தனை மூட்டை விளைந்தது என்று கேட்டார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விளைச்சலின் அளவா, எல்லாம் போயிற்று என்பதா, தெரியவில்லை. மகளும் அதைக் கேட்டுச் சொல்லவில்லை.

பையனின் கவலை வேறு. உடையாத கரைப்பக்கம் இருந்த மதகின் கதவு தானாக மூடுவதைப் பார்த்தே தீருவேன் என்றான். ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லோரும் கரைமேல் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்காதவன் முக்கால் மணி நேரம் மதகைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே போய்க்கொண்டிருந்த தண்ணீர் மெதுவாகி, நின்று, ஒரு வைக்கோல் துரும்பு அதே இடத்தில் சுற்றியது. பிறகு மரம் மரத்தில் உரசும் சத்தம். கதவு மூடிக்கொண்டது. அத்தைதான் முதலில் கைதட்டினார்.