மயிலிட்டிக் கரையில் ஒரு காலை

எங்கள் வீட்டில் இறைச்சி படலை தாண்டி வந்ததில்லை. மீன் மட்டும் வெள்ளி, செவ்வாய், விரத நாட்கள் தவிர நாள்தோறும் வந்தது. மச்சச் சட்டி அடுப்படி மூலையில் புறம்பாகக் கவிழ்ந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறை கட்டாயம். "நாங்கள் சைவக்காரர், இறைச்சி தொடமாட்டம்" என்று அம்மா பெருமையாகச் சொல்லுவா. மச்சம் என்ற சொல்லுக்கே மீன் என்றுதான் பொருள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2009 இல் மாத்தளனில் மூத்தவனைப் பறிகொடுத்தேன். அதற்குப் பிறகு இறைச்சிக் கடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்குச் சைவம் காரணமில்லை. ஏன் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீன் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அது கத்துவதில்லை, இரத்தமும் கொஞ்சம்தான்.

போன மாசியில் கனடாவிலிருந்து வந்த பெறாமகள் ஒடியற் கூழுக்கு ஆசைப்பட்டாள். நண்டும் மீனும் வாங்க மயிலிட்டிக்குப் போனேன். தெல்லிப்பழையில் பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்தேன். 1990 இல் ஊரைவிட்டு ஓடிய சனத்துக்கு 2017 ஆடி மாதம்தான் துறைமுகக் கரை திரும்பக் கிடைத்தது. வழியில் கூரையில்லாத வீடுகளுக்குள் ஆலமரம் வளர்ந்து நிற்கிறது.

துறைமுகத்தில் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் கட்டிக் கிடந்தன. கடலடியை வழித்து, குஞ்சு பெரிது பாராமல் வாரிக்கொண்டு போகும் தொழில் அது. 2017 இல் இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனாலும் எல்லை தாண்டி வருவது நின்றபாடில்லை. ஓர் ஆட்டை வெட்டினால் ஓர் உயிர். அந்த மடிக்குள் எத்தனை உயிர் என்று யார் எண்ணுவது? அதை நினைத்தபோதுதான் அம்மாவின் பெருமை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கரையில் ஒரு தங்கச்சி விளைமீனும் நண்டும் வைத்திருந்தா. விலை பேசி முடிந்ததும் கதை வளர்ந்தது.

"தவக்காலமெண்டு எங்கட ஆக்கள் இறைச்சியை விட்டிட்டு மீன் தின்னுவினம் அக்கா. நான் மறுபக்கம். பிள்ளையளுக்குக் கோழிதான் காய்ச்சுறனான். மீன் தொடமாட்டன்."

"மீன் விக்கிற நீரோ?"

"இடம்பெயர்ந்து மணற்காட்டிலை இருக்கேக்கை சுனாமி வந்தது. அம்மாவும் சின்னவளும் போட்டினம். சின்னவள் கிடைக்கேல்லை." கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னா. "மீனைத் தின்னேலுமே?"

2004 மார்கழி 26 இற்குப் பிறகு பல மாதம் மீன் வாங்க ஆளில்லாமல் கடற்றொழிலாளர் தவித்ததை நானும் கண்டவள். அருவருப்பென்றுதான் அப்போது நினைத்தேன். இவவுக்கு இருபது வருடம் கடந்தும் அந்தக் கடல் அப்படியே இருக்கிறது.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தை எங்களுக்கு மனப்பாடம் செய்வித்த வாத்தியார் வீட்டிலும் மத்தியானம் மீன் குழம்பு மணத்தது. பழந்தமிழில் மீனின் நாற்றத்துக்கும் புலால் என்றுதான் பெயர். வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்பதற்காகக் கொல்கிறார்கள் என்பதே அந்த அதிகாரத்தின் வாதம். நாங்களோ கொல்லும் வேலையைக் கரையில் உள்ளவர்களிடம் விட்டுவிட்டு, அவர்களை முற்றத்தோடு நிறுத்தி, ருசியை மட்டும் அடுப்படிக்குள் எடுத்தோம். அந்தச் சமூகத்தில் வந்த மருதர் கதிர்காமர் தொடங்கிய செல்வச்சந்நிதியில் அவர் வழிவந்தவர்கள் வாய்கட்டிப் பூசை செய்கிறார்கள். அங்கே அன்னதானம் சைவச் சாப்பாடு. அங்கே மட்டும் நாங்கள் கைகூப்பிக்கொண்டு நின்றோம்.

பின்னேரம் கூழ் காய்ச்சினேன். பெறாமகள் மூன்று சிரட்டை குடித்தாள். நான் என் சிரட்டையை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு நானும் குடித்தேன், ருசியாகத்தான் இருந்தது.

வாற சனிக்கிழமையும் மயிலிட்டிக்குப் போவதாக இருக்கிறேன். நான் மீனை நிறுத்தினால் அந்தத் தங்கச்சி எதை விற்றுக் கோழி வாங்குவா என்ற கேள்வி புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கப் போகும்போது வீட்டில் முருங்கைக்காய் காய்த்திருந்தால் அவவுக்கும் கொஞ்சம் கொண்டு போவேன்.