கால் வளர்ந்துவிடும்தான், ஆனால்...

அன்று காலை தொட்டி விளக்கைப் போட்டதும் திக்கென்றது. நான் வளர்க்கும் இரண்டு ஆக்சலாட்டல்களில் (நீரில் வாழும் ஒருவகை சாலமாண்டர்) சின்னவனுக்கு முன்னங்கால் பாதி இல்லை. பெரியவன் ஒன்றும் அறியாதவன் மாதிரி மூலையில் கிடந்தான். அந்த வாய் வேறு எப்போதும் சிரிக்கிற மாதிரியே இருந்து தொலைக்கும்.

முதலில் அவன்மேல்தான் கோபம் வந்தது. யோசித்தால் தப்பு என்னுடையது. ஆக்சலாட்டலுக்குக் கண்பார்வை மட்டம். பக்கத்தில் ஏதாவது அசைந்தால் லபக்கென்று கவ்விவிடும். மண்புழுவா, கூட இருப்பவன் காலா என்றெல்லாம் பார்க்காது. சின்னதையும் பெரியதையும் ஒன்றாக விட்டது நான். முந்தின ராத்திரி சோம்பல்பட்டு தீனி போடாததும் நான்.

சின்னவனைத் தனி டப்பாவுக்கு மாற்றினேன். குளோரின் நீக்கிய தண்ணீர், 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி, தினமும் முழுசாக மாற்றுவேன். கண்ட மருந்தையும் ஊற்றவில்லை. அந்த மெல்லிய தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். காயத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காயம் மூடியது. நுனியில் குட்டி மொட்டு ஒன்று வந்தது. அது தட்டையாகித் துடுப்பு மாதிரி ஆகி, வாரங்கள் போகப் போக விரல்களாகப் பிரிந்தது. எண்ணினேன்: நான்கு. சரியான கணக்கு. தழும்புகூட இல்லை.

“அதான் வளர்ந்துடுமே, அப்புறம் என்ன கவலை?” என்று கேட்கிறார்கள். வளரும் என்பதற்காகக் கடிபட விடலாமா?

இப்போது வீட்டில் இரண்டு தொட்டி.