துணுக்காயில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கண்டி வீதியால் யாழ்ப்பாணம் செல்வோர் மாங்குளம் சந்தியில் தேநீர் அருந்திவிட்டு நேரே போய்விடுகின்றனர். அங்கிருந்து மேற்கே பிரியும் வீதியில் மல்லாவியும் துணுக்காயும் உள்ளன. 'அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று கேட்டார் பாரிசிலிருந்து வந்திருந்த நண்பர். பிரான்சின் சிற்றூர்களில் பழந்தேவாலயங்களைத் தேடிச் சென்று பார்ப்பவர் அவர். அவரை வவுனிக்குளத்தின் கட்டுக்கு அழைத்துச் சென்றேன்.

பாலியாற்றை மறித்துக் கட்டிய குளம் அது. ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட நூலில், அது கிறிஸ்துவுக்கு முற்பட்டதெனக் கணித்தார். பழைய செங்கற்களின் அளவும் அவருக்குச் சான்றாயிற்று. நெடுங்காலம் காடு மூடிக் கிடந்த குளம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனரமைக்கப்பட்டது. அதை நம்பி மக்கள் குடியேறினர்.

2008இல் போர் நெருங்கியபோது ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீண்டு வந்த பலருக்கு வீடு எஞ்சவில்லை, குளம் எஞ்சியிருந்தது. அந்த நீரை நம்பியே மறுபடியும் விதைத்தார்கள்.

நண்பர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பார்க்கத்தக்க பழமை உலகெங்கும் உண்டு. இன்றும் சோறு போடும் பழமை அரிது.

அடுத்த முறை மாங்குளத்தில் மேற்கே திரும்புங்கள். மாரியில் வந்தால் நிறைகுளம் காணலாம். ஆனி, ஆடியில் வந்தால் பாலைப்பழம் கிடைக்கும்.