பாதாம் தோப்பில் இறங்கிய விமானம்

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், கெர்ன் மாவட்டத்தைச் சேர்ந்த லாஸ்ட் ஹில்ஸ் என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு திறந்தவெளி. வெறும் புல்லும் மண்ணும். அங்கே ஒருவர் காரின் பின்கதவைத் திறந்து நீளமான மரப்பெட்டி ஒன்றை இறக்கினார். வயது 68. பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம்.

பெட்டிக்குள் இருந்தவை மாதிரி விமானங்கள். பூங்காவில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓட்டும் வகை அல்ல. இதற்கு 'ஃப்ரீ ஃப்ளைட்' என்று பெயர். கையை விட்டுப் போய்விட்டால் அதைத் திருப்ப முடியாது, ஏற்ற முடியாது. இறக்கையின் சாய்வு, வால் நிற்கும் கோணம், எடை எங்கே விழுகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே சரிசெய்து வைக்க வேண்டும். விதைப்புக்கு முன் நிலத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வானத்தைப் பார்ப்பது போலத்தான். யாருடைய விமானம் அதிக நேரம் காற்றில் நிற்கிறது என்பதே போட்டி.

ரப்பர்தான் எஞ்சின்

வாத்தியார் பறக்கவிடுவது 'வேக்ஃபீல்ட்' வகை. சார்லஸ் வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய எண்ணெய் வியாபாரி 1928-ல் இதற்காகப் பன்னாட்டுக் கோப்பை ஒன்றை அளித்தார். காஸ்ட்ரால் எண்ணெயை விற்ற நிறுவனம் அவருடையதுதான். ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்தே காஸ்ட்ரால் என்ற பெயர் வந்தது.

இந்த விமானத்தின் எஞ்சின், 30 கிராம் ரப்பர் பட்டை. அதைப் பல மடிப்பாக மடித்து, இழுத்து, கைவிசையால் நானூறு சுற்று அளவுக்கு முறுக்க வேண்டும். ஒரு சுற்று கூடினாலும் அறுந்து தெறிக்கும். குறைந்தால் உயரம் போகாது. ரப்பர் அவிழ அவிழ முன்னால் இருக்கும் விசிறி சுழன்று விமானத்தை மேலே இழுத்துச் செல்லும். ஒரு நிமிடத்துக்குள் விசை தீர்ந்துவிடும். விசிறி மடங்கிக்கொள்ளும். அதன் பிறகு விமானம் பருந்து போல வட்டமிட்டு மிதக்க வேண்டியதுதான். இறக்கையின் நீளம் ஓர் ஆள் உயரம். ஆனால், ரப்பரோடு சேர்த்து எடை கால் கிலோ கூட வராது.

சனிக்கிழமை ஏழு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை பறக்கவிடலாம். 3 நிமிடம் நின்றால் முழு மதிப்பெண். அதற்கு மேல் அரை மணி நேரம் நின்றாலும் கணக்கு 3 நிமிடம்தான். ஏழு சுற்றிலும் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் மட்டும் ஞாயிறு விடியற்காலை கடைசிப் போட்டிக்குப் போவார்கள்.

கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஆனால், வெயில் ஏறிய பிறகு காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. உழுத கறுப்பு மண் சீக்கிரம் சூடாகும். பச்சைப் பயிர் நிற்கும் இடம் மெதுவாகச் சூடாகும். சூடான இடத்தின் மேலுள்ள காற்று லேசாகித் திரண்டு மேலே கிளம்பும். அதைச் சுற்றியுள்ள காற்று கீழே இறங்கும். ஏறுகாற்றில் விட்ட விமானம் வானத்தில் புள்ளியாகிவிடும். இறங்குகாற்றில் விட்டால் ஒன்றரை நிமிடத்தில் தரையில்.

அதனால் அங்கே எல்லோரும் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுங்கம்புகளின் நுனியில் கட்டிய, தாளைவிட மெல்லிய பளபளப்பான நாடாக்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன, எப்போது மேல்நோக்கி எழும்புகின்றன என்று கவனித்தார்கள். ஒருவர் சோப்புக் குமிழிகளை ஊதிவிட்டு அவை போகும் திசையைப் பார்த்தார். வல்லூறு வட்டமிட்டால் பத்துப் பேர் ஒரே சமயத்தில் விமானத்தைக் கையில் எடுத்தார்கள். களத்து மேட்டில் முறத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூற்றுகாற்றுக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த நிற்பு புரியும்.

வாத்தியார் அவசரப்படவில்லை. நாடா துவண்டு, கன்னத்தில் வெதுவெதுப்புத் தட்டி, பிறகு முதுகுப் பக்கமிருந்து மெல்லக் காற்று இழுத்தபோதுதான் கையை விட்டார். ஆறு சுற்று, ஆறும் முழு மதிப்பெண்.

திசை மாறிய காற்று

ஏழாவது சுற்று மாலை 3 மணிக்கு. அதற்குள் காற்று திசை மாறி, வேகமும் கூடியிருந்தது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்றடித்தால், 3 நிமிடத்தில் விமானம் 900 மீட்டர் தள்ளிப் போய்விடும். காலையில் காற்று வெறும் புல்வெளிப் பக்கம் போனது. இப்போது பாதாம் தோப்புப் பக்கம் போயிற்று.

அந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த புது விமானம் அது. வாத்தியார் விட்டதும் நல்ல ஏறுகாற்றில் மாட்டிக்கொண்டு உயர்ந்தது. 3 நிமிடம் முடிந்ததும் அதிலிருந்த சிறு கடிகாரம் வாலைத் தூக்கிவிட்டது. வால் தூக்கிக்கொண்டால் விமானம் மிதப்பதை விட்டு, படுத்த வாக்கில் இலை போல இறங்கும். தொலைந்துபோகாமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்தக் காலத்தில் இதற்குத் திரியைக் கொளுத்திவிடுவார்கள். திரி எரிந்து முடியும்போது ரப்பர் வளையம் அறுந்து வால் நிமிரும். ஆனால், அன்றைய ஏறுகாற்று வால் தூக்கிய பிறகும் விமானத்தை விடவில்லை. மெதுவாக, மிக மெதுவாக அது தோப்புக்குள் இறங்கியது.

ஏழு சுற்றிலும் முழு மதிப்பெண். ஆனால், ஞாயிறு காலைக்கு வேண்டிய விமானம் தோப்புக்குள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் வாத்தியார் இங்கே வரத் தொடங்கியபோது சுற்றிலும் பருத்தியும் குதிரைமசாலும்தான் அதிகம் தெரிந்தன. அறுவடை முடிந்த வயலில் விமானம் விழுந்தால் நடந்துபோய் எடுத்துவரலாம். பிறகு பாதாமும் பிஸ்தாவும் வரிசை வரிசையாக வந்துவிட்டன. உலகத்தில் விளையும் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. தோப்புகள் நெருங்க நெருங்க, இவர்களின் விளையாட்டு பக்கத்துத் தோட்டக்காரர்களின் பொறுமையை நம்பியே நடக்கிறது.

மருந்தடித்த தோப்பு

வாத்தியார் சைக்கிளில் தோப்பு ஓரத்துக்குப் போனார். கூடவே இளம் போட்டியாளர் ஒருவரும் வந்தார். விமானத்துக்குள் இருந்த சிறு ரேடியோ கருவி விட்டுவிட்டு ஒலி அனுப்பிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கருவியில் அந்த டிக் டிக் சத்தம் தெளிவாகக் கேட்டது. இருநூறு மீட்டர் கூட இருக்காது.

பிப்ரவரி நடுவில்தான் அங்கே பாதாம் பூக்கும். இலை வருவதற்கு முன்பே மரம் முழுக்க வெள்ளைப் பூ. பல ரகங்களுக்கு அயல் மகரந்தம் கட்டாயம் என்பதால், ஏக்கருக்கு இரண்டு பெட்டி வீதம் தேனீக்களை வாடகைக்கு வாங்கி வைக்கிறார்கள். அதற்காக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லாரிகளில் பெட்டிகள் வந்து இறங்குகின்றன.

பாதை முனையில் ஒரு வண்டி நின்றது. அதிலிருந்து இறங்கிய தோப்பு மேனேஜர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"உள்ளே போக முடியாதுங்க. ராத்திரி பூஞ்சணத்துக்கு மருந்து அடிச்சோம். முடிக்கறப்ப காலையில எட்டு மணி. 24 மணி நேரம் யாரும் இறங்கக் கூடாதுன்னு மருந்துச் சீட்டுலயே போட்டிருக்கு. நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க."

பூக்கும் சமயத்தில் மழையோ பனி ஈரமோ இருந்தால் பூவில் பூஞ்சண நோய் வரும். மருந்தடிக்காமல் இருக்க முடியாது. பகலில் அடித்தால் தேனீக்கு ஆபத்து. சுமார் 13 டிகிரிக்குக் கீழே தேனீ பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராது என்பதால், இரவிலும் குளிர்ந்த காலையிலும் அடித்து முடித்துவிடுகிறார்கள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு எனக்குக் கடைசிப் போட்டி. அதோ, சத்தம் கேக்குது பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் வாத்தியார்.

"எங்கிட்ட பன்னிரண்டு ஆளுங்க வேலை செய்றாங்க. அவங்களையே நான் இன்னிக்கு இறக்கலை. உங்களை எப்படி விடுவேன்?"

வாத்தியாரிடம் பதில் இல்லை. திரும்பும் வழியில் அந்த இளைஞர் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் வேலி இல்லை சார். அவர் போனதும் நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன். யாருக்கும் தெரியாது."

வாத்தியார் உடனே மறுத்துவிடவில்லை. கையிலிருந்த கருவி டிக் டிக் என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. கடைசிப் போட்டிக்கு அவர் தகுதி பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொஞ்ச தூரம் போனபின் கருவியை அணைத்தார்.

"மருந்து உன் மேல படும். அது ஒண்ணு. நீ உள்ளே போனது தெரிஞ்சா அடுத்த வருஷம் நாம யாருமே இங்க வர முடியாது. அது இன்னொண்ணு. வேண்டாம்."

இளைஞரை அனுப்பிவிட்டு, வாத்தியார் திரும்பவும் மேனேஜரிடம் போனார். கோபம் இல்லை என்று சொல்லத்தான் போனார். மேனேஜர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி வானம் தெளிவா இருக்கும்போல. அதான் பயமா இருக்கு. பூத்து நிக்கறப்ப பூஜ்யத்துக்கு ரெண்டு மூணு டிகிரி கீழே போச்சுன்னா வருஷத்து வெள்ளாமை போச்சு. குளிர்ந்த காத்தும் தண்ணி மாதிரிதாங்க, பள்ளத்தைத் தேடி ஓடும். விடியக்காலைல மேட்டுப் பக்கத்து மரத்துல தெர்மாமீட்டர் ஒண்ணரை டிகிரி கூடக் காட்டும். பள்ளத்துல இருக்கற மரம்தான் முதல்ல அடிபடும்."

குளிர்ந்த காற்று கனமானது, கீழே தேங்கும் என்று வாத்தியார் எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். அதை நினைத்துத் தூக்கம் இல்லாமல் கிடக்கும் ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தார்.

ஞாயிறு விடியற்காலை

பெட்டியில் பழைய விமானம் ஒன்று இருந்தது. பால்சா மரமும் மெல்லிய தாளும். இறக்கையில் மூன்று ஒட்டு. அதைத்தான் வாத்தியார் எடுத்து வந்தார். போட்டிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். சூரியன் கிளம்பும் நேரத்தில் ஏறுகாற்றும் இல்லை, இறங்குகாற்றும் இல்லை. விமானம் எவ்வளவு நல்லது என்பது அப்போதுதான் தெரியும். பறக்கவிட 10 நிமிட அவகாசம். அதிக நேரம் காற்றில் நிற்கும் விமானத்துக்கு வெற்றி.

வரிசைக்கோட்டின் கிழக்கு முனை கொஞ்சம் மேடு. முழங்கால் உயரம் கூட இருக்காது. மற்றவர்கள் நடுவில் நின்றார்கள். வாத்தியார் அந்த முனைக்கு நடந்தார். ரப்பரை முறுக்கினார். விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. விட்டார்.

பழைய விமானம் 5 நிமிடம் 20 நொடி நின்றது. மேட்டில் நின்றதால் கிடைத்த நொடிகள் எத்தனை, விமானத்தால் கிடைத்தவை எத்தனை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்பது பேரில் நான்காவது இடம். முதலிடம் பிடித்தவரின் விமானம் 6 நிமிடத்தைத் தாண்டியிருந்தது. புது விமானம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. வாத்தியாரும் சொல்லவில்லை.

எட்டு மணிக்குத் தோப்பு முனையில் மேனேஜர் காத்திருந்தார். இரவு தப்பித்துவிட்டது, வெப்பம் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றுவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருவரும் சேர்ந்து வரிசைக்குள் நடந்தார்கள். விமானம் ஒரு கிளையில் தொங்கியது. மரத்தை உலுக்கினால் விழுந்துவிடும். ஆனால், பூவும் விழும். நீளக் கம்பின் நுனியில் துணியைச் சுற்றி, இறக்கையை மெல்ல நெம்பி, அரை மணி நேரம் செலவழித்து இறக்கினார்கள். இறக்கையில் ஒரு கிழிசல். மேலே நாலைந்து வெள்ளை இதழ்கள் ஒட்டியிருந்தன. வெயில் ஏறியதும் பெட்டிகளிலிருந்து தேனீக்கள் கிளம்பத் தொடங்கின.

"இதைப் பறக்கவிட்டா என்னங்க கிடைக்கும்?" என்று கேட்டார் மேனேஜர்.

"ஜெயிச்சா ஒரு கோப்பை."

"பணம்?"

"பெட்ரோல் செலவுக்குக்கூட வராது."

மேனேஜர் சிரித்தார். வாத்தியார் காரிலிருந்து நாடா கட்டிய கம்பு ஒன்றை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தார். விடியற்காலையில் குளிர்ந்த காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க உதவும் என்றார். மேனேஜர் அதைப் பள்ளத்துப் பக்கம் கடைசி வரிசையில் நட்டார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வாத்தியார் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். விமானப் பெட்டியை இறக்குவதற்கு முன், தோப்புக்குப் போய் எந்தப் பகுதியில் எப்போது மருந்தடிக்கிறார்கள், எத்தனை மணி வரை இறங்கக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொண்டார். போட்டி நடக்கும் இடத்தில், பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டினார். காற்று தோப்புப் பக்கம் திரும்பினால், வரிசைக்கோட்டை எங்கே மாற்றிப் போட வேண்டும் என்று அதன் கீழேயே ஒரு படமும் வரைந்திருந்தார்.